மருந்தைக் காத்தலும் மனிதரைக் காத்தலும்



நம் நாட்டில் மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைக்கு, அது வீடு திரும்புமுன் இடது மேற்கையில் ஓர் ஊசி போடுவது வழக்கம். இராயபுரத்தில், கல்மண்டபத்திற்கு அண்மையிலுள்ள இராஜா சர் இராமசாமி முதலியார் மகப்பேறு மருத்துவமனையில் பிறந்த வடசென்னைக் குழந்தைகளுக்கும் இஃது உண்டு. தோலின் உள்ளடுக்கில் செலுத்தப்படும் அம்மருந்தின் அளவு 0.05 மில்லிலிட்டர், அதாவது ஏறத்தாழ ஒரே ஒரு துளி. காசநோயின் கொடிய வடிவங்களினின்று குழந்தையைக் காக்கும் பி.சி.ஜி. என்னும் தடுப்பு மருந்து அது. உங்களில் பலருடைய கையில் அதன் சிறு தழும்பு இன்றும் இருக்கும்.

அந்த ஒரு துளி எங்கே உண்டாகிறது, அதனை உண்டாக்குவோர் எவ்வாறு உழைக்கின்றனர் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பார்த்தால் ஒரு விந்தை புலப்படும். அத்துளியில் இருப்பது உயிருள்ள கிருமி. காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த ஒன்றைக் கால்மெட், கெரான் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் 1908 முதல் 1921 வரை, 13 ஆண்டுகள், மீண்டும் மீண்டும் வளர்த்து, அதன் கொடுமையை அகற்றினர். அவ்வாறு அடங்கிய கிருமியே பி.சி.ஜி. உயிருள்ள கிருமியைத் தொழிற்சாலையில் வளர்த்துப் புட்டியில் அடைத்து, பிறந்து ஒரு நாளே ஆன சிசுவின் உடலில் செலுத்துகின்றோம். இதில் எத்துணை எச்சரிக்கை வேண்டும்! அவ்வெச்சரிக்கையின் தன்மையே இன்றைய என் பேச்சின் பொருள்.

சென்னைக்கு இத்தொழில் புதியதன்று. கிண்டியிலுள்ள கிங் நிலையம் 1899ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கர்னல் கிங் என்பவரின் பெயர் அதற்கு இடப்பட்டது. பெரியம்மையைத் தடுக்கும் அம்மைப்பால் தயாரிப்பதே அதன் முதற்பணி. பின்னர் 1948ஆம் ஆண்டில், அதே கிண்டியில், மத்திய அரசின் பி.சி.ஜி. தடுப்பு மருந்து ஆய்வுக்கூடம் அமைந்தது. நீலகிரியில் குன்னூர்ப் பாஸ்டர் நிலையம் 1907ஆம் ஆண்டு முதல் வெறிநாய்க்கடி மருந்துக்குப் பெயர் பெற்றது. இத்தகைய மருந்துகளை உயிரியல் மருந்துகள் என்பர். உயிருள்ள அணுக்களிலிருந்தோ கிருமிகளிலிருந்தோ பெறப்படுவதால் அவை அப்பெயர் பெற்றன. தடுப்பு மருந்துகளும், பாம்புக்கடிக்கு இடும் நச்சு முறி மருந்தும், மரபணு மாற்றிய நுண்ணுயிர்களைக் கொண்டு இன்று தயாரிக்கும் இன்சுலினும் இவ்வினத்தவை.

இம்மருந்துகளைத் தயாரிக்கும் ஆலையில் இரு காவல்கள் இருத்தல் வேண்டும். முதலாவது, மருந்தைக் காக்கும் காவல். வெளியிலுள்ள தூசியோ, வேறு கிருமியோ, தொழிலாளியின் மூச்சோ மருந்தில் கலந்துவிடக்கூடாது. ஒரு புட்டியில் இருக்கவேண்டியது மற்றொன்றில் போய்ச் சேரக்கூடாது. இதற்கான விதிகளின் தொகுப்பை 'நல்ல உற்பத்தி நடைமுறை' என்பர். இரண்டாவது, மனிதரைக் காக்கும் காவல். உள்ளே வளரும் கிருமியும், பயன்படும் இரசாயனமும், வெப்பமும் நெருப்பும் தொழிலாளியையோ அண்டை அயலாரையோ தாக்கிவிடக்கூடாது. இதனை 'ஆபத்துக் கட்டுப்பாடு' என்பர். முன்னது வெளியிலிருந்து உள்ளே வரும் தீமையைத் தடுப்பது. பின்னது உள்ளிருந்து வெளியே செல்லும் தீமையைத் தடுப்பது. ஒரு காவல் தவறினாலும் விளைவு என்ன என்பதை வரலாறு மூன்று இடங்களில் நமக்குக் காட்டியுள்ளது.

முதலில் நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றைக் காண்போம். 1896ஆம் ஆண்டில் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. ஹாப்கின் என்னும் அறிஞர் அங்கு அதற்கு ஒரு தடுப்பு மருந்து கண்டு, 1897 ஜனவரியில் தம் உடலிலேயே முதலில் செலுத்திப் பார்த்தார். அவருடைய ஆய்வுக்கூடத்திலிருந்து மருந்து நாடெங்கும் சென்றது. 1902 அக்டோபர் 30ஆம் நாள், பஞ்சாபிலுள்ள முல்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேருக்கு அம்மருந்து குத்தப்பட்டது. அவர்களுள் 19 பேர் சில நாட்களில் இசிவு நோய் கண்டு மாண்டனர். மாண்டோர் அனைவரும் 53-என் என்னும் எண்ணிட்ட ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்றவர்கள். பிற புட்டிகளிலிருந்து பெற்ற ஏனையோருக்குத் தீங்கு நேரவில்லை.

இசிவு நோயின் கிருமி மண்ணில் வாழ்வது. அது மருந்தில் எப்படிப் புகுந்தது? ஆய்வுக்கூடத்திலேயே புகுந்திருக்கவேண்டும் என்று கருதி ஹாப்கினைப் பதவியினின்று விலக்கினர். அவரோ, புட்டியைத் திறந்த இடத்தில்தான் பிழை நேர்ந்தது என்றார். புட்டியின் தக்கையை அகற்றப் பயன்பட்ட இடுக்கி தரையில் விழுந்தது என்பதும், அதனை நெருப்பில் காட்டித் தூய்மை செய்யாமல் கிருமிநாசினி நீரில் அலசிவிட்டு மட்டும் மீண்டும் பயன்படுத்தினர் என்பதும் பின்னர் வெளிப்பட்டன. மலேரியா ஆராய்ச்சியில் புகழ்பெற்ற ரொனால்ட் ராஸ் முதலிய அறிஞர்கள் அவர் சார்பில் எழுதினர்; 1907ஆம் ஆண்டில் பழி நீங்கிற்று. பம்பாயிலுள்ள அந்த ஆய்வுக்கூடம் 1925 முதல் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஆயினும் 19 உயிர்கள் போனவை போனவையே. மக்கள் அம்மருந்தின்மீது கொண்ட நம்பிக்கையும் குலைந்தது.

மாணவர்களே, இந்நிகழ்ச்சியில் ஒன்றைக் கவனியுங்கள். புட்டிக்கு எண் இட்டிருந்தமையால்தான், குற்றம் ஒரே புட்டியோடு நின்றது என்று கண்டறிய இயன்றது. எண் இல்லாதிருந்தால், மருந்து முழுவதுமே நஞ்சு என்று தூற்றப்பட்டிருக்கும். சிறிய எண் ஒன்று உண்மையைக் காட்டும் சாட்சியாக நின்றது.

இரண்டாவது நிகழ்ச்சி ஜெர்மனியில், லூபெக் நகரில், 1930ஆம் ஆண்டில் நேர்ந்தது. நான் முன்பு சொன்ன அதே பி.சி.ஜி. மருந்தை அங்கு 250க்கு மேற்பட்ட சிசுக்களுக்கு வாய்வழியே புகட்டினர். அவர்களுள் 70க்கு மேற்பட்டோர் காசநோயால் இறந்தனர். பாரிசிலிருந்து வந்த பி.சி.ஜி. வித்தில் குற்றமில்லை. அதனைப் பெருக்கிய லூபெக் ஆய்வுக்கூடத்தில், கொடிய காசநோய்க் கிருமியையும் வளர்த்து வந்தனர். இரண்டும் கலந்துவிட்டன. பால் காய்ச்சும் அடுப்பிலேயே நஞ்சையும் காய்ச்சியது போன்ற செயல் அது. இன்று பி.சி.ஜி. தயாரிக்கும் கட்டடம், காற்று, கருவி, ஆட்கள் அனைத்தும் தனித்தே இருக்கவேண்டும் என்னும் உலகப் பொது விதியின் அவசியத்தை உணர்த்தும் நிகழ்ச்சி இது.

மூன்றாவது நிகழ்ச்சி மிக அண்மையது. அதில் தவறியது இரண்டாவது காவல். சீனாவிலுள்ள லான்ஜோ நகரில், கால்நடைகளுக்கான புருசெல்லா நோய்த் தடுப்பு மருந்தைத் தயாரிக்கும் ஆலை ஒன்று இருந்தது. கிருமி வளரும் கலங்களிலிருந்து வெளிவரும் காற்றைக் கிருமிநாசினியால் தூய்மை செய்து வெளிவிடவேண்டும். 2019ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அவர்கள் பயன்படுத்திய கிருமிநாசினி காலாவதியானது. கிருமிகள் சாகாமல் காற்றோடு வெளியேறின. காற்றடித்த திசையில் ஓர் ஆராய்ச்சி நிலையமும் குடியிருப்புகளும் இருந்தன. 10,000க்கு மேற்பட்ட மக்களின் இரத்தத்தில் அக்கிருமி தொற்றிய அடையாளம் காணப்பட்டது. ஆலைக்குள் அடைக்கப்பட்ட மருந்து குற்றமற்றதாகவே இருந்திருக்கலாம். புட்டியை மட்டும் சோதித்திருந்தால் எல்லாம் நலம் என்றே முடிவு கண்டிருப்பர். தீமையோ புகைபோக்கியின் வழியே ஊருக்குள் சென்றுகொண்டிருந்தது.

ஆலையின் வாயு வேலியைத் தாண்டி வருவது என்ன என்பதை வடசென்னை மக்களுக்கு விளக்கவேண்டியதில்லை. 2023 டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவில், எண்ணூர்ப் பெரியகுப்பத்தை ஒட்டிய கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, உறங்கிக்கொண்டிருந்த மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்ததை நாடறியும். அது மருந்தாலை அன்று. எனினும் பாடம் ஒன்றே.

இரு காவல்களும் வேண்டும் என்பது எளிதில் விளங்கும். 'ஆலையில் தர அதிகாரி ஒருவரையும் பாதுகாப்பு அதிகாரி ஒருவரையும் நியமித்துவிட்டால் போதாதா?' என்று நீங்கள் கேட்கலாம். போதாது. ஏனெனில் இவ்விரு காவல்களும் பல இடங்களில் ஒன்றுக்கொன்று எதிராக இழுப்பவை. அதற்குத் தக்க சான்று காற்று.

தூய அறை ஒன்றில் மருந்தைப் புட்டியில் அடைப்பதாகக் கொள்வோம். வெளிக்காற்று உள்ளே வராதிருக்க என்ன செய்யவேண்டும்? அறைக்குள் வடிகட்டிய காற்றைச் செலுத்தி, அங்குள்ள அழுத்தத்தை வெளியிலுள்ளதைவிடச் சற்று மிகுதியாக வைக்கவேண்டும். அப்போது கதவைத் திறந்தாலும் காற்று உள்ளிருந்து வெளியேதான் வீசும், தூசி நுழையாது. இவ்வழுத்த வேறுபாடு 10 அல்லது 15 பாஸ்கல் இருந்தால் போதும். 10 பாஸ்கல் என்பது ஒரு மில்லிமீட்டர் உயர நீரின் அழுத்தத்திற்குச் சமம். நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தத்தில் பதினாயிரத்தில் ஒரு பங்கு. அத்துணைச் சிறிய வேறுபாடு ஓர் அறையைக் காக்கின்றது.

நோய்க்கிருமியை வளர்க்கும் அறையிலோ நிலைமை நேர்மாறானது. கிருமி வெளியேறாதிருக்கவேண்டுமானால், அங்குள்ள அழுத்தம் வெளியிலுள்ளதைவிடக் குறைவாக இருக்கவேண்டும். கதவைத் திறந்தால் காற்று வெளியிலிருந்து உள்ளே வீசவேண்டும். சரி, உயிருள்ள கிருமியையே மருந்தாகத் தூய்மையுடன் புட்டியில் அடைக்கும் அறையில் காற்று எத்திசையில் வீசவேண்டும்? உள்ளே வீசினால் மருந்து கெடும். வெளியே வீசினால் மனிதருக்கு ஆபத்து. தர அதிகாரி ஒரு திசை சொல்வார். பாதுகாப்பு அதிகாரி எதிர்த் திசை சொல்வார். காற்றோ ஒரே நேரத்தில் இரு திசைகளில் வீசாது.

இச்சிக்கலைத் தீர்க்கும் வழிகளில் இரு காவல்களும் ஒன்றாகின்றன. முதல் வழி, இரு அறைகளுக்கும் இடையே ஒரு சிற்றறை அமைப்பது. அச்சிற்றறையின் அழுத்தத்தை இருபுறத்தையும்விட மிகுதியாக வைத்தால், காற்று அங்கிருந்து இருபுறமும் வீசும். வெளித்தூசி உள்ளே போகாது, உட்கிருமி வெளியே வராது. அல்லது இருபுறத்தையும்விடக் குறைவாக வைத்தால், இருபுறக் காற்றும் அச்சிற்றறைக்குள் வீழ்ந்து, வடிகட்டியின் வழியே வெளியேற்றப்படும். ஒரு கதவு மூடிய பின்னரே மறு கதவு திறக்கும். மதகுகள் இரண்டுக்கு நடுவே படகை நிறுத்தி நீர்மட்டம் மாற்றும் கால்வாய் அமைப்பை ஒத்தது இது.

இரண்டாம் வழி, கிருமியைக் கையாளும் மேசையையே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது. பெட்டியின் மேலிருந்து வடிகட்டிய தூய காற்று மருந்தின்மீது மெல்லென இறங்குகிறது. அதனால் மருந்து காக்கப்படுகிறது. முன்புறத் திறப்பின் விளிம்பில் அறைக்காற்று உள்நோக்கி இழுக்கப்பட்டு, மேசையைத் தொடாமலே கீழே சென்றுவிடுகிறது. அதனால் பணியாளர் காக்கப்படுகிறார். வெளியேறும் காற்றும் நுண்வடிகட்டியைக் கடந்தே செல்கிறது. அதனால் ஊர் காக்கப்படுகிறது. ஒரே கருவி மூவரைக் காக்கின்றது. அவ்வடிகட்டி ஒரு மில்லிமீட்டரில் பதினாயிரத்தில் மூன்று பங்கே உள்ள துகள்களில், 10,000க்கு 9,997ஐத் தடுக்கவல்லது.

மூன்றாம் வழி, இரு கதவுள்ள நீராவிக் கலம். தூய அறைக்குள் செல்லும் கருவிகள் ஒரு கலத்தின் ஒரு கதவு வழியே நுழைந்து, 121 பாகை வெப்பத்தில் அழுத்த நீராவியால் கிருமி நீங்கி, மறு கதவு வழியே உள்ளே செல்கின்றன. கிருமி அறையிலிருந்து வெளியேறும் கழிவுகள் வேறொரு கலத்தில் அதே முறையில் கிருமி நீங்கி வெளியே வருகின்றன. கழிவுநீரையும் இவ்வாறே கொல்களத்தில் காய்ச்சிய பின்னரே சாக்கடையில் விடவேண்டும். 2007 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிர்பிரைட் என்னுமிடத்தில், ஆராய்ச்சி நிலையமும் தடுப்பு மருந்தாலையும் சேர்ந்திருந்த வளாகத்தின் பழைய கழிவுநீர்க் குழாய்கள் பழுதுற்றிருந்தன. கால்நடைகளின் கோமாரி நோய்க் கிருமி அவ்வழியே மண்ணில் கசிந்து, அருகிலிருந்த பண்ணைகளைச் சென்றடைந்தது என்று விசாரணை கருதியது. உள்ளே எத்துணைத் திறமை இருந்தும், மண்ணுக்கடியில் ஒரு குழாயைப் பார்ப்பாரில்லை!

இனி, காற்றைத் தவிர வேறு இடங்களிலும் இவ்விரு காவல்கள் மோதுவதுண்டு. தூய அறையில் கிருமியை ஒழிக்கப் பார்மால்டிஹைடு புகையை நிரப்புவது பழைய வழக்கம். மருந்துக்கு அது நன்மை. ஆனால் அப்புகை கண்ணையும் தொண்டையையும் வருத்துவதோடு புற்றுநோய்க்கும் காரணமாவது என்று 2004ஆம் ஆண்டில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் முடிவு செய்தது. ஆதலின், ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவி முதலிய மாற்று முறைகளும் இன்று கையாளப்படுகின்றன. எதைக் கையாண்டாலும், ஆவி முற்றும் நீங்கியது என்று அளந்தறிந்த பின்னரே ஆட்களை உள்ளே விடவேண்டும். தூய்மைக்காகக் கதவுகளை இறுக மூடவேண்டும். தீப்பிடித்தால் அதே கதவுகள் நொடியில் திறக்கவேண்டும். மேசையைத் துடைக்கும் சாராயம் கிருமியைக் கொல்லும். பொறி பட்டால் எரியவும் செய்யும். ஆகவே ஒவ்வொரு விதியையும் எழுதும்போது, 'இது மருந்துக்கு என்ன செய்யும்? மனிதருக்கு என்ன செய்யும்?' என்னும் இரு வினாக்களையும் ஒருங்கே கேட்கவேண்டும்.

அவ்வாறு கேட்பதற்கு ஒரு முறை உண்டு. அஃது உணவுத் தொழிலிலிருந்து வந்தது. 1960களில் அமெரிக்க விண்வெளி வீரர்களுக்கு உணவு தயாரிக்க வேண்டியிருந்தது. உணவை முழுதும் தயாரித்த பின் சிலவற்றை எடுத்துச் சோதிப்பதால் பயனில்லை. சோதித்தது நல்லதாயிருந்து, உண்டது கெட்டதாயிருக்கலாம். ஆதலால் தயாரிப்பின் ஒவ்வொரு படியையும் வரிசையாக எழுதி, எப்படியில் என்ன ஆபத்து நேரக்கூடும் என்று முன்கூட்டியே எண்ணினர். எந்தப் படியில் தவறினால் பின்னர்த் திருத்தவே இயலாதோ, அப்படிக்கு ஓர் எல்லையும், அளவீடும், எல்லை மீறினால் செய்யவேண்டிய செயலும் வகுத்தனர். நம் காசிமேட்டுத் துறையில் இறங்கும் மீனாயினும், இறாலாயினும், வெளிநாட்டிற்கு ஏற்றுமதி செய்யும் ஆலைகள் இன்று இம்முறையையே பின்பற்றவேண்டும். 2003ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இம்முறையை மருந்துத் தொழிலுக்கும் பரிந்துரைத்தது.

பி.சி.ஜி. மருந்துக்கு இம்முறை எத்துணை இன்றியமையாதது என்பதை எண்ணுங்கள். செத்த கிருமியாலான மருந்தாயின், இறுதியில் கிருமிநாசினியால் மற்றொரு முறை காக்கலாம். பி.சி.ஜி.யைக் காய்ச்சினால் மருந்தே செத்துவிடும். நுண்வடிகட்டியில் வடித்தால் கிருமியும் வடிகட்டியிலேயே தங்கிவிடும். எனவே, இறுதியில் திருத்தம் என்பதே அதற்கு இல்லை. முதற்படி தொட்டு ஒவ்வொரு படியும் குற்றமற்றதாயிருத்தல் வேண்டும். அங்குப் பணி செய்வோரைக் காசநோய்க்காக அடிக்கடி மருத்துவச் சோதனை செய்யவேண்டும் என்பதும் விதி. இச்சோதனை தொழிலாளியின் நலத்துக்கா, மருந்தின் தூய்மைக்கா? இரண்டுக்குமே. நோயுற்ற தொழிலாளி இருமினால் மருந்து கெடும். நோயைக் காலத்தில் கண்டால் தொழிலாளி பிழைப்பார். இரு காவல்களும் ஒரே மனிதரிடத்தில் சந்திப்பதைப் பாருங்கள்.

நம் நாட்டுச் சட்டத்தில் இவை எவ்வாறு உள்ளன? 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின்கீழ் அமைந்த விதிகளில் 'எம்' அட்டவணை என்பது நல்ல உற்பத்தி நடைமுறையை வகுக்கின்றது. அது 2001ஆம் ஆண்டில் கடுமையாக்கப்பட்டு, 2023 டிசம்பரில் மீண்டும் திருத்தி வெளியிடப்பட்டது. தொழிலாளர் பாதுகாப்புக்கோ, 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் முதலாகத் தனியே ஒரு சட்ட மரபு உண்டு. ஆகச் சட்டம் இரண்டு. சோதிக்க வரும் அதிகாரிகளும் இருவர். ஆனால் முகமூடி அணிந்து கலத்தின் முன் நிற்கும் தொழிலாளி ஒருவர். அவர் திறக்கும் அடைப்பிதழும் ஒன்று. இரு சட்டங்களையும் அந்த ஒருவருடைய கையில் முரணில்லாமல் சேர்ப்பது ஆலையை அமைப்போரின் கடமை.

விதியைப் பின்பற்றாவிடின் நேரும் இழப்பு உயிரிழப்பு மட்டுமன்று. 2008 ஜனவரியில் கிண்டி பி.சி.ஜி. ஆய்வுக்கூடம், குன்னூர்ப் பாஸ்டர் நிலையம், இமயமலைச் சாரலிலுள்ள கசௌலி மத்திய ஆராய்ச்சி நிலையம் ஆகிய மூன்று அரசு நிலையங்களின் உற்பத்தி உரிமம், நல்ல உற்பத்தி நடைமுறைக்கு ஏற்ப அவை அமையவில்லை என்னும் காரணத்தால் நிறுத்திவைக்கப்பட்டது. நாட்டுக் குழந்தைகளுக்கான தடுப்பு மருந்தில் பெரும்பங்கை நெடுங்காலம் அளித்துவந்தவை அவை. மருந்தைத் தனியாரிடம் வாங்கவேண்டியதாயிற்று. தட்டுப்பாடு குறித்து நாடாளுமன்றத்திலும் வெளியிலும் வாதங்கள் எழுந்தன. 2010 பிப்ரவரியில் தடை நீக்கப்பட்டு, புதிய முறைப்படி கட்டடங்கள் அமைக்கும் பணி நடந்தது.

இதுபற்றி இரு கருத்துகள் உண்டு. பழுதுபட்ட கட்டடத்தில் மருந்து செய்வது தகாது. நிறுத்தியதே சரி என்பர் சிலர். மாற்று ஏற்பாடு செய்யாமல் நிறுத்தியதால் ஏழைக் குழந்தைகளுக்கு ஊறு என்பர் வேறு சிலர். இரண்டிலும் நியாயம் உண்டு. என் கருத்து யாதெனில், கூரை ஒழுகும்போதெல்லாம் சிறுகச் சிறுகச் செப்பனிட்டிருந்தால், வீட்டையே பூட்டவேண்டிய நிலை வந்திராது. பாதுகாப்புக்கும் தரத்துக்கும் ஆண்டுதோறும் செலவிடத் தயங்கும் நிலையம், ஒருநாள் அனைத்தையும் ஒருசேரச் செலவிட நேரும். மருந்து கெட்டாலும் ஆபத்து. மருந்து கிடைக்காவிட்டாலும் ஆபத்து.

தரக் காவலின் அவசியம் நம் வாசலுக்கே வந்த நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 2025ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாடா பகுதியில் இருமல் மருந்து உண்ட 20க்கு மேற்பட்ட சிறு குழந்தைகள் சிறுநீரகம் பழுதாகி இறந்தனர். அம்மருந்து காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலை ஒன்றில் தயாரானது. சோதித்தபோது, டை எத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுப்பொருள் அதில் நூற்றுக்கு 48.6 பங்கு இருந்தது. இது உயிரியல் மருந்தன்று. சாதாரண இனிப்பு நீர் மருந்தே. உள்ளே வரும் ஒவ்வொரு பீப்பாயையும் திறந்து சோதித்த பின்னரே பயன்படுத்துக என்னும் எளிய விதியைக் காத்திருந்தால், அக்குழந்தைகள் இன்று பள்ளிக்குச் சென்றுகொண்டிருப்பர்.

மாணவர்களே, கட்டடமும் வடிகட்டியும் அழுத்தமானியும் எவ்வளவு சிறந்தனவாயினும், இறுதியில் அனைத்தும் நிற்பது மனிதனின் மெய்யுரையின்மீதே. முல்கோவாலில் இடுக்கி தரையில் விழுந்தது. கை தவறுவது மனித இயல்பு. 'ஐயா, இடுக்கி கீழே விழுந்துவிட்டது. இதை இப்போது பயன்படுத்தக்கூடாது' என்று ஒரு குரல் எழுந்திருந்தால், 19 பேர் வாழ்ந்திருப்பர். லான்ஜோவில் கிருமிநாசினிப் புட்டியின் மேலுள்ள தேதியை ஒருவர் படித்து, உரக்கச் சொல்லியிருந்தால் போதும். அக்குரல் எழவேண்டுமானால், உண்மை சொன்னவனைத் தண்டியாத மேலாளர் வேண்டும். பிழையைச் சொல்பவனுக்கு வசை கிடைக்கும் ஆலையில், பிழைகள் குறைவதில்லை, மறைவிடம் தேடிக்கொள்கின்றன. முப்பதாண்டுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்: பள்ளிக்கும் இது பொருந்தும்.

நீங்கள் விஞ்ஞானச் சாலையில் சோதனை செய்கையில், வெப்பமானி 97 காட்டினால் 97 என்றே எழுதுங்கள். புத்தகத்தில் 100 என்றிருக்கிறதே என்று 100 எழுதாதீர்கள். குடுவை உடைந்தால் ஆசிரியரிடம் உடனே சொல்லுங்கள். அமிலத்தை ஊற்றும்போது கண்ணாடி அணிவதும், குப்பியின்மேல் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுவதும் ஒரே ஒழுக்கத்தின் இரு கைகள். முன்னது உங்களைக் காக்கின்றது, பின்னது உங்களுக்குப் பின் அக்குப்பியை எடுப்பவரைக் காக்கின்றது.

உங்களுள் பலர் நாளை மணலியிலும், எண்ணூரிலும், கிண்டியிலும், வேறு நகரங்களிலும் ஆலைகளில் பணி ஏற்பீர்கள். சிலர் மருந்தே தயாரிப்பீர்கள். அப்போது உங்கள்முன் உள்ள கலத்தை நோக்கி இரு வினாக்களைக் கேளுங்கள்: இதிலிருந்து செல்லும் பொருளை என் வீட்டுக் குழந்தைக்குக் கொடுப்பேனா? இதன் அருகில் என் வீட்டார் நின்று பணி செய்யச் சம்மதிப்பேனா? இரண்டுக்கும் 'ஆம்' என்று மனச்சான்று விடை கூறினால் அந்த ஆலை நன்று. ஒன்றுக்கு 'இல்லை' என்று வந்தாலும், அன்றே அதைச் சொல்லுங்கள், எழுதியும் வையுங்கள்.